இன்வாய்ஸ் பதினேழு

என் மனைவியைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். முதலில் வந்தவர் நான் அல்ல.

முதலில் வந்தவர் பெல்மதுளை பஜாரில் கடை வைத்திருந்தவரின் மூத்த மகன். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் மணக்கும் கடை. அடுத்த மாதம் நான் போனேன். அப்போது நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் சாக்கில் ஏறுவது வரை பொறுப்பாக இருக்கும் உத்தியோகத்தரைத்தான் தோட்டத்தில் டீமேக்கர் என்பார்கள். அதற்கு ஒரு படி கீழே இருந்தேன். என் மாமனார் ரப்பர் தோட்டத்து ஸ்டோர் கீப்பர். மாதச் சம்பளம், குவாட்டர்ஸ், ஓய்வுக்குச் சேரும் சேமலாப நிதி ஆகிய மூன்றையும் ஒரு தட்டிலும், கருவாட்டுக் கடையை மறு தட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். அவர் மனிதரைப் பார்த்து முடிவெடுத்தார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பார்த்தது சேமலாப நிதியைத்தான்.

இதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் எல்லாம், முதல் ஆள் வந்த நாளைப் பற்றி மாமியார் வீட்டில் சொல்லும் கதையில்தான். அந்த மனிதர் சாப்பாட்டில் தேசிக்காய் ஊறுகாயை மூன்று தரம் கேட்டு வாங்கினாராம். கை கழுவும்போது, “இந்த ஊறுகாய்க்காகவே கட்டிக்கலாம்” என்றாராம். முப்பத்தெட்டு வருடமாக எந்த விசேஷத்தில் கூடினாலும் யாராவது இதைச் சொல்லுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், என் மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நான் பெண் பார்க்கப் போன கதையை யாரும் சொல்வதில்லை. நான் என்ன சாப்பிட்டேன் என்பது யாருக்கும் நினைவில்லை. எனக்கே நினைவில்லை.

அந்த ஊறுகாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரத்தினபுரிப் பக்கத்தில் தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, வெயிலில் காயவைப்பது நடக்காத காரியம். காலையில் பாயை விரித்தால் பத்து மணிக்கு மழை வந்து பாயையே எடுத்துக்கொண்டு போகும். ஆகவே என் மாமியார் உப்பிட்ட காய்களை விறகடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் பரப்பி, அடுப்புச் சூட்டில் காயவைத்தார். மகளும் அப்படியே செய்தாள். அதனால் ஊறுகாயில் மெல்லிய புகை மணம் ஏறியது. நானோ தேயிலைக்காரன். எங்கள் தொழிலில் புகை என்பது குற்றம். டிரையரில் எங்கோ ஒரு வெடிப்பு இருந்து தூளில் புகை ஏறிவிட்டால் அந்தத் தேயிலை முழுவதும் கழிவு, டீமேக்கருக்கு விளக்கக் கடிதம். கல்யாணம் முடிந்த முதல் வாரத்திலேயே, “ஊறுகாயில் புகை இருக்கு” என்று சொல்லிவிட்டேன். பிறகு சொல்லவில்லை. சொன்னது பதிவாகிவிட்டது என்று இருந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு குவாட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, பெல்மதுளைக்கு இப்பால் பத்துப் பேர்ச் அளவுச் சிறு காணியில் வீடு கட்டி வந்தோம். காலை எட்டு மணிக்கு நான் பிரதேச செயலகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன். தோட்டத்து ஆட்கள் பிறப்புச் சான்றிதழில் பெயர் மாறிப்போய், அடையாள அட்டை தொலைந்துபோய், சேமலாப நிதிப் பாரத்தை மடித்து மடித்துக் கிழித்துக்கொண்டு வருவார்கள். நான் எழுதிக் கொடுப்பேன். எந்த அலுவலகத்தில் எந்தக் கிழமை எந்த மேசை, எத்தனை பிரதி, எந்த முத்திரை எல்லாம் எனக்குத் தெரியும். கூலி வாங்குவதில்லை. மரியாதையை மட்டும் வாங்கிக்கொள்வேன், அதில் கடன் வைப்பதில்லை. ஒரு மணிக்கு வீடு திரும்புவேன். அந்த ஐந்து மணி நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை.

போன வருடம் இரத்தினபுரியில் ஒரு கல்யாண வீட்டில், முதலில் பெண் பார்க்க வந்த அந்த மனிதரைப் பார்த்தோம். அவர் மனைவி இறந்து மூன்று வருடம். தலைமயிர் இன்னும் எல்லாம் இருந்தது. அதை நான் முதலில் கவனித்தேன். பெல்மதுளைக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கொழும்பில் ஏதோ குளிரூட்டிய சந்தையில் ஸ்டால் போட்டிருப்பதாகச் சொன்னார். கறுவா, மிளகு, கித்துள் வெல்லப் பாணி, ஊறுகாய் வகை எல்லாம் கையால் செய்ததுதானாம். அப்படிச் சொன்னவர் என் மனைவி பக்கம் திரும்பி, “அந்த தேசிக்காய் ஊறுகா இன்னும் போடுறீங்களா?” என்று கேட்டார்.

“போடாம?” என்றாள்.

“பாட்டில்ல போட்டு அனுப்புங்க. வரிசையில நின்னு வாங்குவாங்க. சும்மா சொல்லல.”

வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. ஒரு தாளை எடுத்து, செய்ய வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தேன். கிராம சேவகர் சான்று, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பிரதேச சபை அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சமையலறை பார்ப்பது, தண்ணீர்ப் பரிசோதனை, மூன்று மொழியில் லேபல், பிறகு இவை எல்லாவற்றுக்கும் பிரதிகள். மொத்தம் ஏழு. ஏழும் உண்மை. ஊரில் யார் வந்து கேட்டிருந்தாலும் ஏழையும் நானே செய்து கொடுத்திருப்பேன். அவளுக்குத் தாளை மட்டும் கொடுத்தேன்.

அவள் வாசித்துவிட்டு நான்காக மடித்து, மஞ்சள் டப்பாவுக்குக் கீழே வைத்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆறு மாதம் போயிருக்கும். மகள் கொழும்பில் இருக்கிறாள். சனி, ஞாயிறு வந்து தங்கச் சொன்னாள். புறப்படும் அன்று என் மனைவி அரக்குக் கரை போட்ட பட்டுச் சேலையை எடுத்து வைத்தாள். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வரும் சேலை.

“மக வீட்டுக்குப் போறதுக்கு இது எதுக்கு?”

“அந்தச் சந்தைய பாக்கப் போறோம்ல. புள்ள கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கு.”

“எந்தச் சந்தை?”

“அதாங்க, அவரு கட.”

அவர் என்றாள். பெயரில்லை, உறவு முறை இல்லை. பஸ்ஸில் அவிசாவளை தாண்டும்வரை நான் அந்த ஒரு சொல்லை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே வந்தேன்.

அந்தச் சந்தை முன்பு ஏதோ பண்டகசாலையாக இருந்திருக்க வேண்டும். கூரையில் பழைய இரும்பு உத்திரங்களை அப்படியே விட்டுக் கறுப்பு வர்ணம் பூசி, இடையிடையே மஞ்சள் பல்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒயரைத் தொங்கவிட்டால் பரிசோதகர் ஆலையையே மூடுவார். வாசலில் குளிர் காற்று முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு பக்கம் கல்லுப் போலக் கெட்டியான பாண், அதைப் புளிக்கவைத்துச் செய்கிறார்களாம். மாவு புளித்தால் எங்கள் பக்கத்தில் தோசை சுடுவோம், விளம்பரம் செய்வதில்லை. இன்னொரு பக்கம் எருமைப்பால் சீஸ். வாசனைத் திரவியம் அடைக்கும் குப்பி மாதிரி ஒன்றில் கித்துள் பாணி. ஒரு பெண் சிறிய சிறிய தட்டுகளில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் விற்றுக்கொண்டிருந்தாள். லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், காலை ஐந்து மணிக்கு, கொழுந்துக்குப் போகும் அவசரத்தில் நின்றுகொண்டே தின்னும் அதே கோதுமை ரொட்டி. இங்கே அதைப் பலகையில் வைத்து, பக்கத்தில் ஒரு இலையும் வைத்து, இளைஞர்கள் படம் எடுத்துவிட்டுத் தின்றார்கள்.

ஒரு தேயிலை ஸ்டாலும் இருந்தது. கண்ணாடிக் கூஜாவில் எங்கள் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. சாம்பிள் கொடுத்தார்கள். வாயில் காற்றோடு சேர்த்து உறிஞ்சினேன். தேயிலை பார்ப்பவர்கள் அப்படித்தான் உறிஞ்ச வேண்டும். அந்தச் சத்தத்தில் பக்கத்து ஸ்டால்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உறிஞ்சியதைத் துப்ப வேண்டும். துப்ப இடமில்லை. “அப்பா, ப்ளீஸ், முழுங்கிடுங்க” என்றாள் மகள். விழுங்கினேன். வாடல் போதவில்லை. ஆனாலும் அந்தக் கூஜாவுக்குப் பின்னால் நின்ற முப்பது வயதுக்காரனைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது. நாற்பது வருடம் நான் செய்த தேயிலை சாக்கில் ஏறி ஏலத்துக்குப் போயிற்று. அதைக் குடித்த ஒருவரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

அவருடைய ஸ்டால் ஓரத்தில் இருந்தது. அதுதான் நிரம்பியிருந்தது.

“வாங்க வாங்க, டீமேக்கரய்யா!” என்றார் தூரத்திலேயே. “ரத்தினபுரி மழைய கூடவே கூட்டிட்டு வந்தீங்களா?”

“பஸ் டிக்கெட் கூடிப்போச்சுன்னு அது வரல” என்றேன்.

சத்தமாகச் சிரித்தார். என் மகளை “வாம்மா” என்றார். வந்தவர்களில் ஒரு சிங்களப் பெண்மணியை நோனா என்றார், இன்னொருத்தியை அக்கா என்றார், சீஸ்காரனைத் தம்பி முறையில் மல்லி என்றார். எல்லோருக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. என் மனைவியைப் பார்த்து, “வந்துட்டீங்களா” என்று மட்டும் சொன்னார். நான் காத்திருந்தேன். தங்கச்சி என்றாவது சொல்வார் என்று. சொல்லவில்லை.

அவள் அவரைப் பார்க்கவும் இல்லை. ஸ்டாலின் நடுத்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் தடித்த கண்ணாடிப் பாட்டில்களில் தேசிக்காய் ஊறுகாய். கபில நிறத் தாளில் ஒரு காயின் படம், கீழே ஆங்கிலத்தில் மழைநாட்டுப் புகைத் தேசிக்காய் என்று எழுத்து. அந்த நோனா இரண்டு பாட்டில் எடுத்து, ஏற்கனவே ஒன்று வாங்கியதாகவும் வீட்டில் ஒரே நாளில் முடிந்துவிட்டதாகவும் சிங்களத்தில் சொன்னாள். என் மனைவியின் முகம் சிவந்தது. குளிரூட்டிய இடத்தில் முகம் ஏன் சிவக்க வேண்டும்?

“ஐயா ருசி பாருங்க” என்று ஒரு பிஸ்கட்டில் கொஞ்சம் சீஸ் தடவி, மேலே ஊறுகாய்த் துண்டு ஒன்றை வைத்துக் கொடுத்தார். “ஒங்க நாக்கு பெரிய நாக்காச்சே.”

வாயில் போட்டேன். சீஸைத் தாண்டி அது வந்தது. மெல்லிய தோல், உள்ளே சதை கரையாமல், கடைசியில் மூக்குக்குள் ஏறும் புகை. எனக்கு அந்தப் புகையைத் தெரியும். அது என் மாமியார் வீட்டுப் பரண். ஆனால் நான் வீட்டில் தின்பது இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

அந்த இடத்தில் என் மூளை போன வழியை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. இந்த மனிதர் அன்றைக்கு ஒரு வேளை சாப்பிட்டதை முப்பத்தெட்டு வருடம் நாக்கில் காப்பாற்றி வைத்திருந்து, எங்கோ ஒரு அடுப்பில் அதைத் திரும்பச் செய்துவிட்டார் என்று நினைத்தேன். மூன்று தரம் கேட்டு வாங்கியது அதற்குத்தான். தினமும் தின்ற எனக்குக் கிடைக்காத ருசி, ஒரு நாள் தின்றவருக்குக் கிடைத்திருக்கிறது. இது உண்மையென்றால் அன்று அந்த வீட்டுக்குள் சரியான ஆள் ஒருவர்தான் வந்தார், அது நான் அல்ல. அவளும் இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு அந்தத் தட்டைப் பார்க்கிறாள்.

“எப்படிங்க இருக்கு?” என்று கேட்டாள் என் மனைவி. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“புகை” என்றேன். “உப்பும் தூக்கல்.”

அவள் மறுபடி தட்டைப் பார்த்தாள். நான் கழிவறை எங்கே என்று மகளிடம் கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

கழிவறைக்குப் போகவில்லை. வாசலில் அலுவலகம் இருந்ததைப் பார்த்து வைத்திருந்தேன். அங்கே ஒரு இளம் பெண், நிர்வாகி. அபிப்பிராயம் சொல்வதென்றால் இந்தத் திரையில் ஒரு சிரிக்கும் முகத்தையோ சிரிக்காத முகத்தையோ தொடுங்கள் என்றாள். முகம் போதாது, தாள் வேண்டும் என்றேன். தேடி ஒரு தாள் கொடுத்தாள். நின்றபடியே எழுதினேன். இன்ன ஸ்டாலில் விற்கப்படும் ஊறுகாய்ப் பாட்டிலில் தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, தயாரித்த திகதி இல்லை, முடிவுத் திகதி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, மூன்று மொழிகளில் இரண்டு இல்லை. கையொப்பம், அடையாள அட்டை எண், நேரம். என் வாழ்நாளில் எழுதிய கடிதங்களில் அது மிகச் சுத்தமானது. ஒரு அடித்தல் இல்லை. அந்தப் பெண் வாசித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றாள்.

நான் திரும்பி வந்து, கித்துள் பாணியைப் பார்ப்பதுபோல நின்றேன். ஐந்து நிமிடத்தில் அவள் தாளோடு வந்தாள். மிகவும் பணிவாக, எழுத்தில் புகார் வந்தால் கடதாசிகள் காட்டும்வரை பொருளைத் தட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பது சந்தையின் விதி என்று அவரிடம் சொன்னாள். யார் எழுதியது என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். என் மனைவி அப்போது பார்த்தது அவரையோ அந்தப் பெண்ணையோ அல்ல, பாட்டில்களை. முகத்தில் இரத்தமே இல்லை.

“லேபல் என்னோட பிழதான் மிஸ், அழகா இருக்கட்டும்னு எழுத்தக் கொறைச்சிட்டேன்” என்றார் அவர். “ஆனா நம்பர் இல்லன்னு எழுதியிருக்கிறது சரியில்ல. நம்பர் இருக்கு. செஞ்சவங்க ஒவ்வொண்ணுலயும் போட்டுத்தான் அனுப்புறாங்க.” ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார்.

அடியில் ஒட்டியிருந்த சின்னத் தாளில் இன்வாய்ஸ் 7 என்று இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரே தொகுதியாக அனுப்பும் சாக்குகளுக்கு ஒரு எண் உண்டு. மற்ற உலகத்தில் இன்வாய்ஸ் என்றால் பொருளுக்குப் போடும் பில். எங்களுக்கு மட்டும் அது அந்தத் தொகுதி. கல்யாணமான புதிதில், எந்த ஊறுகாய் எப்போது போட்டது என்று தெரியாமல் ஜாடிகள் கிடப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் இன்வாய்ஸ் எண் எழுதி ஒட்டும் முறையை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஊறுகாய்க்கு இன்வாய்ஸ் போடும் வீடு இலங்கையில் ஒன்றுதான் இருக்க முடியும். அந்த ஏழின் நடுவில் ஒரு கோடு குறுக்கே போயிருந்தது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த ஏழு. முப்பத்தெட்டு வருடமாக என் வீட்டுக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் ஏழு.

“நான்தாங்க செஞ்சு அனுப்புறேன்” என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல். “காலைல நீங்க போன பொறகு. கொழும்பு பஸ்ல ஏத்தி விட்டா இவரு ஆள் வந்து எடுத்துக்குவாரு.”

மகள் என்னையும் நிர்வாகியின் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ஆறு வருடம் பள்ளிக்கூட லீவு லெட்டர் அதில்தான் போயிற்று.

“அப்பா,” என்றாள் மெதுவாக, “நீங்களா?”

நான் நிர்வாகியின் பின்னால் அலுவலகம்வரை போய், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். பதிவான புகாரைத் திரும்பப் பெற வழியில்லை, மன்னிக்க வேண்டும் என்றாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். திரும்பி வந்தபோது அவர் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் மீது கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “விடுங்கய்யா, ஒங்க கை சும்மா இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை மன்னிக்க எனக்கு இன்னும் முடியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், மடியில் ஊறுகாய்ப் பெட்டி. எஹலியகொடை வந்தது. பிறகு நானே ஆரம்பித்தேன்.

“வீட்டில நான் சாப்புடறது இது இல்லையே.”

“இல்ல. தோல் மெல்லிசா, முழுசா இருக்கிற காயி அங்க போவுது. ஒடஞ்சது, தழும்பு விழுந்தது வீட்டுக்கு. நல்ல தேயில ஏலத்துக்கு, கழிவு வீட்டுக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“அது தேயிலைக்கு.”

“எனக்கு எது தெரியும், நீங்க சொன்னதுதான் தெரியும்.”

மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை இறக்கினேன்.

“அவரப் பாக்கவா பட்டுச் சேல கட்டிக்கிட்டுப் போனேன்னு நெனச்சீங்க?” என்றாள். “நான் செஞ்சது கடைத்தட்டுல இருக்கிறத ஒரு தரமாவது பாக்கணும்னு இருந்திச்சு. ஒங்களையும் கூட்டிக்கிட்டுப் போனா, யார் செஞ்சதுன்னு தெரியாம சாப்பிட்டு, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த வாயிலருந்து வரும்னு நெனச்சேன். அதுக்குத்தான்.”

நான் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் டப்பாவின் கீழிருந்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். “ஊர்ல எல்லாருக்கும் செஞ்சு குடுக்கிறீங்கல்ல. இத செஞ்சு குடுங்க.”

ஏழு வேலையையும் செய்தேன். வேறு யாருக்காவது என்றால் மூன்று வாரம். இவளுக்கு ஆறு வாரம் எடுத்தது, ஏனென்றால் ஒவ்வொரு மேசையிலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்து, “என்ன மாத்தயா, இப்ப ஊறுகாய் வியாபாரமா?” என்று சிரித்து முடிக்க நேரம் தேவைப்பட்டது. எனக்கல்ல, மனைவிக்கு என்று ஒவ்வொரு மேசையிலும் சொன்னேன். சுகாதாரப் பரிசோதகர், சிங்களப் பையன், மகன் வயது, சமையலறையைப் பார்க்க வந்தார். என் மனைவி அவரோடு சரளமாகச் சிங்களத்தில் பேசினாள், நான் குறுக்கே வராமல் இருக்க கதவோரம் நின்றேன். பரணைப் பார்த்தார், வலை அடித்தால் போதும் என்றார். தண்ணீர் நல்லது, பாத்திரம் நல்லது, தரை நல்லது. ஒரே ஒரு குறை எழுதினார். சமையலறை மேல்தட்டில் நான் அடுக்கி வைத்திருந்த பழைய ஃபைல்கள். பூச்சி இருக்கிறது, உடனே அகற்ற வேண்டும். நாற்பது வருடத் தொழிற்சாலைக் கடிதங்கள். அகற்றினேன். இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

லேபலையும் நானே எழுதினேன். தயாரிப்பவர் என்ற இடத்தில் அவள் பெயர். தொலைபேசி இலக்கத்துக்கு என்னுடையதைப் போட்டேன், கேள்வி வந்தால் பதில் சொல்ல வசதியாக இருக்கும் என்று. அவள் பேனாவை வாங்கி அதை வெட்டிவிட்டுத் தன்னுடையதை எழுதினாள். அந்த இலக்கத்தில் ஒரு ஏழு இருக்கிறது, குறுக்குக் கோட்டோடு.

பாட்டில்கள் மறுபடி போக ஆரம்பித்தன. இப்போது ஒளிவுமறைவு இல்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது நான்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை அவர் தொலைபேசியில் கூப்பிடுவார். அவள் பின்புறம் பலாமரத்தடிக்குப் போய்ப் பேசுவாள். சிக்னல் அங்கேதான் அறுபடாமல் கிடைக்கிறது என்பாள். உண்மைதான். நானும் போய்ச் சோதித்துப் பார்த்தேன்.

ஒரு நாள் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, அந்த முதல் தரத்தில் ஒரு பாட்டில் வீட்டுக்கும் வைக்கலாமே என்றேன். “ஆர்டர் இருக்குங்க” என்றாள், வழக்கமான ஜாடியை நகர்த்தி வைத்துவிட்டு. கொழும்பில் யாரோ ஒரு நோனா பிஸ்கட்டில் தடவித் தின்கிறாள். அந்த நோனாவின் மீது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை எந்தப் பாரத்திலும் எழுத இடமில்லை.

ஆகவே மகளிடம் இரகசியமாகச் சொன்னேன். அவள் சந்தைக்குப் போய், முழு விலை கொடுத்து ஒரு பாட்டில் வாங்கி, அடுத்த முறை வந்தபோது என் பையில் போட்டுவிட்டுப் போனாள். எங்கள் அடுப்பிலிருந்து கொழும்புக்குப் போய், அந்த மனிதர் கையால் தட்டில் ஏறி, மறுபடி எங்கள் வீட்டுக்கே வந்த பாட்டில். தேயிலை டின்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் கோயிலுக்குப் போகும்போது கொஞ்சம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வெள்ளி கோயில் சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் வந்து நின்றபோது நான் சமையலறையில் நின்றபடி பாட்டிலில் கரண்டி விட்டுக்கொண்டிருந்தேன். அறுபத்தேழு வயதில் ஒரு மனிதன் பிடிபடக் கூடாத நிலை.

அவள் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“இன்வாய்ஸ் பதினேழு” என்றாள். “உப்பு கூடிப்போன ஒண்ணு. கேட்டிருந்தா பதினெட்டுல குடுத்திருப்பேன்ல?”

“கேட்டேனே. ஆர்டர் இருக்குன்ன.”

“அது கேக்கறதா? விண்ணப்பம் போட்ட மாதிரி இருந்திச்சு.” பாட்டிலை மேசையில் வைத்தாள். திருநீற்றை என் நெற்றியில் இழுத்தாள். “சரி, சொல்லுங்க. எப்படி இருக்கு?”

“உப்பு கூடத்தான்.”

“அது எனக்கே தெரியும்.”

“புகை...” என்று ஆரம்பித்து நிறுத்தினேன். “புகை அளவா இருக்கு. நல்லா இருக்கு.”

 அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. யார் என்று இருவருக்கும் தெரியும். அவள் எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனாள். ஜன்னல் திறந்திருந்தது.

“ஆமாங்க,” என்று சொல்வது கேட்டது, “பதினேழு கொஞ்சம் உப்புதான். அடுத்ததுல கொறைக்கிறேன். இங்க ஒருத்தரு சொன்னாரு.”

ஒருத்தரு என்று சொல்லும்போது சிரித்தாள். முந்தானை வாய்க்குப் போயிருக்கும், நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்பதும் கேட்கவில்லை. நான் இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டேன்.